பத்துப் புள்ளி எங்கே போகிறது?



எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவு வெளிவரும் நாளில் நம் வீடுகளில் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "எத்தனை ஏ?" பக்கத்து வீட்டார் கேட்பதும் அதுதான், கோயிலில் பார்ப்பவர் கேட்பதும் அதுதான். கேட்க வேண்டிய கேள்விதான், தவறில்லை. ஆனால் பல்கலைக்கழகம் அதை மட்டும் கேட்பதில்லை. இது நம்மில் எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். ஆறாம் படிவம் படித்து எஸ்.டி.பி.எம். எழுதியவரோ, மெட்ரிகுலேஷன் முடித்தவரோ அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மனுச் செய்தால், அவருடைய தகுதிப் புள்ளி நூற்றுக்குக் கணக்கிடப்படுகிறது. அதில் 90 தேர்வுக்கு. மீதி 10 புறப்பாட நடவடிக்கைகளுக்கு. அதாவது ஒரு சங்கம், சாரணர் போன்ற ஒரு சீருடை இயக்கம், ஒரு விளையாட்டு. எத்தனை நாள் வந்தார், என்ன பொறுப்பு வகித்தார், பள்ளி அளவிலா, மாவட்ட அளவிலா, மாநில அளவிலா என்று எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு.

"பத்துதானே, போனால் போகட்டும்" என்று நினைத்துவிடாதீர்கள். மருத்துவம் போன்ற படிப்புக்கு மனுப் போடுகிறவர்களில் 4.00 வாங்கியவர்களே வரிசையாக நிற்கிறார்கள். தேர்வில் எல்லாரும் சமம் என்றால் இடத்தை எது முடிவு செய்யும்? அந்தப் பத்தும், அதற்குப் பிறகு வரும் நேர்முகத் தேர்வும்தான். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். இதுவோ துரும்பும் அல்ல, தூண்!

சரி, நம் பிள்ளைகளின் பத்துப் புள்ளி எங்கே போகிறது? பெரும்பாலும் அது பள்ளிப் பேருந்தில் போகிறது.

மதியம் பள்ளி மணி அடிக்கிறது. பட்டணத்துப் பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குக் கூட்டத்துக்குத் திரும்பி வருகிறது. தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த ஒரு பேருந்தை விட்டால் வேறு வழியில்லை. அப்பாவும் அம்மாவும் காட்டில் வேலையாக இருப்பார்கள். யார் போய் அழைத்து வருவது? பெண் பிள்ளையானால் தம்பி தங்கையைப் பார்க்க வேண்டும், உலை வைக்க வேண்டும். போதாததற்கு, "அந்த விளையாட்டெல்லாம் நமக்கு எதற்கு? புத்தகத்தை எடுத்துப் படி" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் பிள்ளை ஓட்டத்தைத் தொடங்கும்போதே பத்தடி பின்னால் நிற்கிறது.

இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பிள்ளைகளுக்கு வாசல் ஏற்கெனவே குறுகலானது. 1970-களில் அரசாங்கப் பல்கலைக்கழக இடங்கள் இன வாரியாகப் பங்கிடப்பட்டன. 2002-இல் அது போய், தகுதி முறை என்றார்கள். ஆனால் மெட்ரிகுலேஷனில் 90 விழுக்காடு பூமிபுத்திராக்களுக்கு, 10 விழுக்காடு மற்றவர்களுக்கு என்ற பங்கீடு இருந்தது. 2019-இல் இடங்களை 25,000-இலிருந்து 40,000 ஆக்கியபோதும் அந்தப் பங்கீடு மாறவில்லை. 2024-இல், 10 ஏ வாங்கிய பிள்ளை எந்த இனமானாலும் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று அரசாங்கம் அறிவித்தது. வரவேற்கத் தக்கதே. ஆனால் ஆறு ஏ, ஏழு ஏ வாங்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு? அதற்குப் பெரிய வாசல் இன்னமும் எஸ்.டி.பி.எம்.தான். அரசாங்கப் பள்ளியிலேயே ஒன்றரை ஆண்டுப் படிப்பு. கடன் வாங்க வேண்டியதில்லை. அந்த வாசலில் நிற்கும்போது கையில் பத்துப் புள்ளி இல்லாமல் நிற்கலாமா?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பட்டம் வாங்கிவிட்டால் கவலை தீர்ந்ததா? புள்ளிவிவரத் துறையின் கணக்கைப் பார்த்தால், டிப்ளோமாவோ பட்டமோ பெற்று வேலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர், 2024-இல், தங்கள் படிப்புக்குக் கீழான வேலையில்தான் இருந்தார்கள். நான்கு ஆண்டு படித்துவிட்டுக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

வேலை கொடுக்கும் முதலாளி சான்றிதழைப் பார்த்துவிட்டு, அடுத்து ஆளைப் பார்க்கிறார். நாலு பேர் முன்னால் மலாயிலும் ஆங்கிலத்திலும் தடுமாறாமல் பேசுகிறாரா? ஒரு கடிதம் எழுதத் தெரிகிறதா? மற்ற இனத்தாரோடு சேர்ந்து ஒரு காரியத்தை முடித்துக் காட்டியிருக்கிறாரா? இவற்றைப் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகு கற்றுக்கொள்ள முடியாது. பள்ளிச் சங்கத்தில் செயலாளராக இருந்து கூட்டக் குறிப்பு எழுதிய பிள்ளை, சாரணர் முகாமில் பத்துப் பேருக்குச் சோறாக்கிய பிள்ளை, இதையெல்லாம் பதினாறு வயதிலேயே கற்றுக்கொள்கிறது. அந்தப் பத்துப் புள்ளி, ஒரு முறை பல்கலைக்கழகத்திலும் மறு முறை வேலை நேர்முகத்திலும் நமக்கு உதவுகிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்? குறையெல்லாம் பிள்ளையுடையது அல்ல. பேருந்து இல்லாத பிள்ளையையும் கார் இருக்கிற பிள்ளையையும் ஒரே கோலால் அளப்பது முழு நியாயமும் ஆகாது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து இதைப் பேசுங்கள். கூட்டங்களை ஒரே நாளில் வைக்கவும், பள்ளி முடிந்த கையோடு நடத்தவும் தலைமையாசிரியரைக் கேளுங்கள். ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் ஆறேழு பேர் இருந்தால், அந்த ஒரு நாளுக்கு ஒரு வேன் பேசிச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். கோயில் நிர்வாகமும் இளைஞர் மன்றமும் இதில் கைகொடுக்கலாமே!

நம்மால் ஆகுமா என்று மலைக்க வேண்டாம். 1950-களில், மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த நாளில், தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். இந்திய ஆய்வியல் துறையின் நூலகத்துக்காக ஆளுக்கு ஒரு வெள்ளி. பால்மரம் வெட்டிய கைகளும் அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தன. தாங்கள் கால் வைக்காத பல்கலைக்கழகத்துக்குப் புத்தகம் வாங்கித் தந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்காகத்தான் இப்போது ஒரு வேன் கேட்கிறோம்.

ஆகவே, இன்று இரவு சாப்பாட்டு வேளையில் உங்கள் பிள்ளையை இதையும் கேளுங்கள்: "நீ எந்தச் சங்கத்தில் இருக்கிறாய்? போன மாதம் எத்தனை கூட்டத்துக்குப் போனாய்?"

பதில் வராவிட்டால் கோபிக்காதீர்கள். பேருந்து எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.