முதல் படியைக் காட்டுங்கள்!

3, 13, 23, 43, 53... இவை 3-ல் முடியும் பகா எண்கள். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாதவை.

இந்த வரிசைக்கு முடிவு உண்டா? இல்லை! 1, 7, 9-ல் முடிபவையும் அப்படியே.

இதை 1837-ம் ஆண்டில் நிரூபித்தவர், ஜெர்மன் கணித மேதை டிரிஷ்லே. அதற்கு அவர் கையாண்ட கருவிதான் "எல் சார்பு". 1-லிருந்து 1/3-ஐக் கழி, 1/5-ஐக் கூட்டு, 1/7-ஐக் கழி. இப்படியே முடிவில்லாமல் போகும் கணக்கு அதற்கு ஓர் எளிய உதாரணம்.

இதைக் கற்க ஆசைப்படும் மாணவர், எடுத்த எடுப்பில் பெரிய நூலைப் பிரிக்கிறார். முதல் பக்கமே புரிவதில்லை. "நமக்கு இது வராது" என்று மூடிவிடுகிறார்.

குறை அவர் மூளையில் இல்லை. ஏணியின் நடுப்படியில் கால் வைத்தால் யாரால் ஏற முடியும்?

முதலில், பகா எண்களைப் பற்றிய எளிய பாடம். அடுத்து, கல்லூரியில் கற்பிக்கும் நுண்கணிதம். அதன்பின், எண் கணிதத்துக்கு அறிமுகமாக அப்போஸ்டல் 1976-ல் வெளியிட்ட நூல். கல்லூரி மாணவர்களுக்கென்றே எழுதப்பட்டது அது. டிரிஷ்லேயின் நிரூபணம் அதில் படிப்படியாக விளக்கப்பட்டுள்ளது.

ஆசிரியர்களே! நூலின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். முதல் படியைக் காட்டுங்கள். மேல் படிகளை மாணவர்களே ஏறிவிடுவார்கள்.