நாய் நச்சுச் செடியைத் தின்றால்

வீட்டு நாய் தோட்டத்துச் செடியொன்றைக் கடித்துத் தின்றுவிட்டது என்று அறிந்ததும், பலரும் முதலில் செய்வது அதன் வாயைத் திறந்து உப்புக் கரைசலையோ புளிக் கரைசலையோ ஊற்றுவதுதான். வாளாவிருக்க மனம் ஒப்பாது. அண்டை வீட்டாரும் அதையே சொல்வர். ஆயினும், இவ்வழக்கத்தை நம் பிரசுரங்களும் வகுப்பறைகளும் இனியேனும் கைவிடவேண்டும் என்பது என் துணிபு. மிகுதியாகப் புகட்டிய உப்பு குருதியில் சோடியத்தின் அளவை உயர்த்தி வலிப்பை உண்டாக்க வல்லது. தளர்ந்தோ வலிப்புற்றோ கிடக்கும் நாய் கக்கினால், கக்கிய பொருள் மூச்சுக் குழலுட் புகுந்து நுரையீரலைக் கெடுக்கும். வாந்தி செய்விக்கத்தான் வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் கால்நடை மருத்துவர்.

வீட்டார் செய்ய வேண்டியது மிகச் சிறிது. வாயில் எஞ்சிய இலையை அகற்றுக. தின்ற நேரத்தையும் ஏறக்குறைய எவ்வளவு என்பதையும் குறித்துக்கொள்க. அச்செடியின் கிளையொன்றை இலையும் பூவும் காயுமாக ஒடித்து, நாயுடன் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. மருத்துவமனை தொலைவில் இருப்பின், பல மாநிலங்களில் 1962 என்னும் தொலைபேசி எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவி கிட்டும். நாய்க்கு ஒன்றும் நேரவில்லை போலத் தோன்றினாலும் காத்திருத்தல் தகாது.

கிளை எதற்கு, பெயரைச் சொன்னால் போதாதோ எனின், போதாது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது நாள்தோறும் எதிர்ப்படும் இடர்ப்பாடு. ஒலியாண்டர் என்று மூலத்தில் வருமிடத்தில் அரளி என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் செவ்வரளியும் அரளி. புனல் போன்ற பூவுடைய மஞ்சள் அரளியும் அரளி. இந்தியில் இரண்டும் கனேரே. இவ்விரண்டின் நஞ்சும் இதயத்தையே தாக்குவதால் இங்குக் குழப்பத்தின் தீங்கு குறைவு. தெலுங்கில் கன்னேரு என்னும் சொல்லோ, அடைமொழி மாறமாற இவ்விரண்டையும், ஈழத்தலரியையும், நித்தியகல்யாணியையுங்கூடக் குறிக்கும். நித்தியகல்யாணியின் நஞ்சு உயிரணுக்கள் பிளவுறுவதைத் தடுப்பது; அரளியின் நஞ்சோடு அதற்கு உறவே இல்லை. பல மாநிலத்தாரும் கலந்து வாழும் அரசுக் குடியிருப்புகளில், ஒருவர் சொன்ன பெயரை மற்றவர் வேறு செடியாகக் கொள்வது இயல்பு. கிளைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

அரளியைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். நெடுஞ்சாலை நடுத்திட்டுகள் முதல் பள்ளி வேலிகள் வரை அதனை நாமே நட்டு வளர்க்கிறோம். அதன் எல்லா உறுப்புகளும் நஞ்சு. உயிரணுவின் சவ்வில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இடம் மாற்றும் அமைப்பை அந்நஞ்சு முடக்கிவிடுவதால் இதயத் துடிப்பு தடுமாறுகிறது. எச்சில் வடிதல், வாந்தி, கழிச்சல், பின்னர்த் துடிப்பு மந்தமாதலோ தாறுமாறாதலோ காணும். நேரத்தோடு சென்றால் மருத்துவர் செயலூட்டிய கரியைக் கொடுத்து நஞ்சு குடலில் ஏறாமல் தடுக்கலாம். துடிப்பைக் கண்காணித்து மருந்து செலுத்தலாம். அடுப்புக் கரி அதற்கு ஈடாகாது. மனிதர்க்கும் இது நஞ்சே என்பதனால்தான், திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் 2024 மே மாதத்தில் நைவேத்தியத்தினின்றும் பிரசாதத்தினின்றும் அரளிப் பூவை விலக்கிற்று.

செடியாகவே தோன்றாமல் வரும் நஞ்சு ஒன்றுண்டு. அது ஆமணக்கம் பிண்ணாக்கு. உலகில் ஆமணக்கை மிகுதியாக விளைவிப்பது நம் நாடு. எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கு உரமாக ரோஜாத் தொட்டிகளுக்கு வருகிறது. வித்திலுள்ள ரிசின் என்னும் நஞ்சு எண்ணெயோடு செல்வதில்லை, பிண்ணாக்கிலேயே தங்குகிறது. போதிய அளவு சூடேற்றினால் அது அழியும். சூடேறாத பிண்ணாக்கில் முழு வீரியத்தோடும் இருக்கும். எலும்புத் தூளோடு கலந்து இட்டாலோ, நாய் அதைத் தேடிக் கிளறியே தின்னும். இதில் கொடுமை, குறிகள் சில மணி நேரம் கழித்தோ, சில வேளை ஒன்றிரண்டு நாள் கழித்தோ தோன்றுவதுதான். குருதி கலந்த கழிச்சல் கண்டபின் ஓடுவோர், உரமிட்ட செய்தியை மருத்துவரிடம் சொல்ல மறந்துவிடுகின்றனர். ரிசினுக்கு மாற்று மருந்து இல்லை; நரம்பு வழியாக நீர் ஏற்றித் தாங்குவதே சிகிச்சை. உரத்தைப் பரிந்துரைக்கும் களப்பணியாளர், அளவைச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடலாமன்றோ?

ஏனையவற்றுள், பனை போன்ற உருவுடைய சைக்கஸ் ஈரலைக் கெடுத்து உயிரைக் குடிப்பது. அறைக்குள் வைக்கும் டீஃபன்பேக்கியா வாயை ஊசிபோற் குத்தி வீங்கச் செய்யும். பெரும்பாலும் உயிருக்கு அபாயமில்லை. நீரால் வாயைக் கழுவலாம்.

பள்ளித் தோட்டத்தில் ஒவ்வொரு செடிக்கும் ஊர்ப்பெயரோடு தாவரவியற் பெயரையும் எழுதிப் பலகை நடும் வேலையை ஆசிரியர்கள் மாணவரிடமே ஒப்படைக்கலாம். அரளி வேலியைக் கத்தரிக்கும் நாளில் மட்டும் சிறுவரைச் சேர்க்க வேண்டா. வெட்டிய கிளைகள் காய்ந்தாலும் நஞ்சு நீங்குவதில்லை. ஆதலின் அவற்றை வேலியோரம் குவித்து வைக்கலாகாது. எரித்தலும் ஆகாது, புகையும் தீங்கு தரும். நாயும் ஆடும் அணுகாத இடத்தில் ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுக.