அளவுக் கிண்ணமும் கொழுந்துத் தராசும்

மதுக் கிண்ணத்தைப் பற்றி ஓய்வுபெற்ற தமிழாசிரியன் ஒருவன் இலக்கியப் பக்கத்திலே எழுதுவதா என்று அன்பர்கள் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். நான் மது அருந்துபவனல்லன். சம்பள நாளன்று கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தவறணை வாசலிலே காத்து நின்ற பெண்களைப் பார்த்து வளர்ந்தவன். ஆயினும், மதுவை அளக்கும் கிண்ணத்தின்மீது எனக்கு வெறுப்பில்லை, மதிப்புண்டு. அந்த மதிப்புக்குக் காரணம் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சிவனொளிபாத மலைக்கு யாத்திரிகர் வரும் காலத்திலே நல்லதண்ணி ஊர் இரவிலும் உறங்குவதில்லை. மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமிவரை படிக்கட்டின் விளக்குகள் மலையுச்சிவரை மாலைபோல் எரியும். யாத்திரிகரோடு வெளிநாட்டுப் பயணிகளும் வருகிறார்கள். அவர்களுக்காக மஸ்கெலியாப் பக்கத்து விடுதியொன்றிலே பானங் கலக்கும் வேலையில் இருப்பவன் என் பழைய மாணவன். கொழுந்தெடுக்கும் பெண்ணின் மகன். சென்ற பருவத்தில் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தான்.

"சேர், ஒங்க அப்பா கிளப்புல பார்ல இருந்தவருதானே? நல்ல ஜிகர் எப்பிடிப் பாத்து வாங்குறதுன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு வந்தேன்."

யாப்பிலக்கணத்திலே சீர் எண்ணக் கற்பித்தவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். சீரும் அளவுதானே!

ஜிகர் என்பது இரண்டு கூம்புகளை அடியோடு அடி ஒட்டினாற்போன்ற ஓர் உலோகக் கிண்ணம். ஒரு புறம் பெரிய அளவு, மறுபுறம் சிறிய அளவு. இந்த இரட்டைக் கூம்பு வடிவத்துக்கு 1893 ஆம் ஆண்டு சிக்காகோவைச் சேர்ந்த கொர்னீலியஸ் டங்கன் என்பவர் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் பெரிய புறம் ஒன்றரை அவுன்ஸ், அதாவது 44 மில்லிலீற்றர். இந்தியாவில் பெக் எனப்படுவது 30, பெரிய பெக் 60. பிரித்தானியாவிலோ விஸ்கி, ஜின், ரம், வொட்கா ஆகியவற்றை 25 அல்லது 35 மில்லிலீற்றர் அளவிலேதான் விற்க வேண்டும் என்பது சட்டம்.

என் தந்தையார் கையாண்டது இவற்றுக்கு முந்திய ஆங்கில அளவு. கில் என்பது 142 மில்லிலீற்றர். அதில் ஆறிலொரு பங்கு அவருடைய கிண்ணம் கொள்ளும். ஏறத்தாழ 24. அக்காலத்துப் போத்தலொன்றுக்கு 32 கிண்ணம். நாட்டின் தோட்டங்கள் அரசுடைமையாகும்வரை, அதாவது 1975 வரை, துரைமார் கூடும் ஒரு கிளப்பிலே அவர் பணிபுரிந்தார். போத்தல் முடிந்ததும் புத்தகத்திலே 32 கோடு இருக்க வேண்டும். ஒரு கோடு குறைந்தால் அவருடைய சம்பளத்திலே கழியும். கிண்ணத்தில் ஒரு துளி குறைந்தாலோ துரைக்கு முகம் சிவக்கும். இரண்டு கோபங்களுக்கும் நடுவே அந்தக் கிண்ணந்தான் அவருக்குக் காவல். இரவில் வீட்டுக்கு வரும்போது அதைத் துணியிலே சுற்றி எடுத்து வருவார். கண்மதிப்பாக ஊற்றும் இளைஞர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது.

கண்மதிப்பைப் போற்றுவோர் இன்றும் இருக்கிறார்கள். "அம்மா எதை அளந்து சமைத்தாள்? கைப்பக்குவம் அல்லவா!" என்பார்கள். அந்த வாதம் இங்கே பொருந்தாது என்பது என் கருத்து. அம்மா சமைக்கும் பானை பெரிது. ஒரு சிட்டிகை உப்புக் கூடினாலும் கரைந்து போகும். அவள் சுவைத்துப் பார்த்துத் திருத்துகிறாள்; அதே பானையிலிருந்து தானும் உண்கிறாள். கொக்டெயில் கலப்பவனுக்கு இந்த மூன்றும் இல்லை. சாராயம் 60 மில்லி, எலுமிச்சஞ்சாறு 25, சீனிப்பாகு 20 என்று ஒரு பானத்தை வைத்துக்கொள்வோம். சாறு ஐந்து மில்லி கூடினால் புளிப்பு ஐந்திலொரு பங்கு ஏறிவிட்டது. ஐந்து மில்லி என்பது ஒரு தேக்கரண்டிதான். அடுத்த கிண்ணத்தில் அதே கை ஐந்து மில்லி குறைத்து ஊற்றும். முதலாமவர் பல் கூசுகிறது என்பார். இரண்டாமவர் தித்திக்கிறது என்பார். இருவரும் கொடுத்த பணம் ஒன்றே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமது தென்னஞ் சாராயத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மதுசாரம். எத்தனை கிண்ணம் உள்ளே போயிற்று என்று எண்ணத் தெரிந்தவன், அன்றிரவு நோர்வூட் வளைவுகளில் வண்டி ஓட்டலாமா கூடாதா என்றாவது தீர்மானிக்கலாம். கண்மதிப்பாக ஊற்றப்பட்டவனுக்கு அந்தக் கணக்கும் இல்லை.

மாணவன் கொண்டுவந்த ஜிகரை மேசையில் வைத்தேன். வாய் அகன்று, அழகாகப் பளபளத்தது. அங்கேதான் முதற் குறை. வாய் ஐந்து சென்ரிமீற்றர் அகலமுள்ள கிண்ணத்தில் விளிம்புக்கு இரண்டு மில்லிமீற்றர் கீழே நிறுத்தினால் நான்கு மில்லிலீற்றர் போய்விடும். மூன்று சென்ரிமீற்றர் வாயுள்ள ஒடுங்கிய கிண்ணத்தில் அதே இரண்டு மில்லிமீற்றருக்கு ஒன்றரைக்கும் குறைவாகவே போகும். தவறு கையில் இருந்தாலும், அதைச் சிறிதாக்குவதும் பெரிதாக்குவதும் கிண்ணத்தின் வடிவந்தான். ஆகவே உயரமாக, ஒடுக்கமாக இருப்பதை வாங்க வேண்டும். உள்ளே 15, 20, 45 என்று கோடுகள் வெட்டப்பட்டிருக்க வேண்டும். மையால் அச்சிட்ட கோடு ஆறு மாதக் கழுவலில் மறைந்துவிடும். மங்கிய விளக்கொளியிலும் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒட்டுவாயிலே கசிவு கூடாது. பிடிக்கும்போது சாயாமல் நிற்க வேண்டும். சாய்ந்த கிண்ணம் நிறைந்ததுபோலத் தோன்றும், நிறைந்திராது. கலக்கும் பாத்திரத்திற்கு நேர் மேலே பிடித்து ஊற்றவுங் கூடாது. வழிந்தது அளவில் சேராமல் பானத்தில் சேர்ந்துவிடும்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. தெரியாத ஒன்று உண்டு. கிண்ணத்தில் 30 என்று எழுதியிருப்பதாலேயே அது 30 ஆகிவிடாது. இதைச் சோதிக்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரு மில்லிலீற்றர் தண்ணீரின் எடை ஒரு கிராம். சமையலறை மின்தராசிலே வெறுங் கிண்ணத்தை வைத்து எண்ணைச் சுழியமாக்கி, தண்ணீரைக் கோடுவரை ஊற்றிப் பார்த்தால் போதும். பெயரிலேயே நல்ல தண்ணீரை வைத்திருக்கும் ஊரின் தண்ணீர் அன்று அவன் போத்தலில் இருந்தது. ஊற்றினோம். 30 என்ற கோட்டிலே தராசு 26 காட்டியது.

பையன் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "இத்தன நாளா இதுல ஊத்திக் குடுத்தேனே, சேர்." சற்று நேரங் கழித்து இன்னொன்றும் சொன்னான்: "எங்கம்மா கொழுந்து நிறுக்கிற தராச இப்பிடி ஊத்திப் பாக்க ஏலாதே."

அந்தச் சொல் என்னை அறுபது ஆண்டுகளுக்கு முன்னே கொண்டுபோய் நிறுத்தியது. அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். பள்ளி விடுமுறை. மலையிலே கொழுந்தெடுக்கும் அம்மாவுக்குப் பகற் சோறு கொண்டு போயிருந்தேன். நிறுவை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையாகக் கூடையோடு நின்றார்கள். தராசின் முகம் கணக்கப்பிள்ளையைப் பார்த்திருந்தது. நான் சிறுவனாதலால் அவருடைய முழங்கைக்குக் கீழே புகுந்து பார்த்துவிட்டேன். முள் 31 இல் நின்றது. அவர் "இருபத்தெட்டு" என்று கூவி எழுதினார். "முப்பத்தொண்ணு!" என்றேன். அம்மா என் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள். கூடைக்கு ஒரு றாத்தல், ஈரத்துக்கு இரண்டு றாத்தல் என்று கழிவு உண்டென்பதை அவள் பின்னர் எனக்கு விளக்கினாள். அன்று காலையிலிருந்து மழையே இல்லை.

மாலையில், விதித்த அளவுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான் விழும். நாள் முழுதும் நின்றவளுக்குப் பாதி நாள் கூலி. அன்று இரவு அப்பா துணியிலிருந்து கிண்ணத்தை எடுத்துத் துடைத்தார். ஒரே லயத்துக் காம்பராவில், துரையின் விஸ்கியைத் துளி பிசகாமல் அளந்தவரும், மூன்று றாத்தல் கொழுந்தைப் பறிகொடுத்தவளும் ஒரே விளக்கின்கீழ் உட்கார்ந்து சோறு தின்றார்கள். அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

அளக்க முடியாததனால் அன்று அளவு தவறியது என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். அதே கொழுந்து தூளாகி, 1883 முதல் தேயிலை ஏலம் நடந்துவரும் கொழும்புக்குப் போனதும் என்ன நடக்கிறது பாருங்கள். சுவைஞரின் மேசையில் சிறு தராசொன்று இருக்கும். மரபுப்படி பழைய ஆறு பென்ஸ் நாணயத்தின் எடைக்குத் தேயிலை எடுப்பார்கள், அது 2.8 கிராம். இன்றைய சர்வதேச நியமமும் 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம், ஊறுவதற்கு ஆறு நிமிடம் என்றே விதிக்கிறது. வாங்குபவனுக்காக ஒரு கிராமின் பத்திலொரு பங்குவரை அளக்கத் தெரிந்த தொழில் இது. பறிப்பவளிடத்தில் மட்டும் அது கிலோக் கணக்கிலே மறந்துபோகிறது.

நம்மவர்க்கு அளவு புதிதன்று. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி என்று படிப்படியாக அளந்தவர்கள். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் நெல்லளக்கும் மரக்காலுக்கு ஆடவல்லான் என்று இறைவன் பெயரையே சூட்டி, அது ராஜகேசரி என்னும் மரக்காலோடு ஒத்தது என்பதையும் பொறித்து வைத்தார்கள். எந்த அளவால் அளக்கிறோம் என்பதைக் கல்லிலே எழுதிவிட்டால் அளப்பவன் மாற்ற முடியாதல்லவா? காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைக்காமலும் வாழ்ந்ததைப் பட்டினப்பாலை பாராட்டுகிறது. நாம் அதை வகுப்பிலே பதவுரை சொல்லிக் கடந்துவிடுகிறோம். கொள்ளும்போது என்ற பாதியைக் கொஞ்சம் நின்று படிக்கலாம். குறைத்துக் கொடுப்பது மட்டுந்தான் களவென்று நாம் பழகிவிட்டோம். கொழுந்துத் தராசிலே நடப்பது கூடுதலாகக் கொள்வது.

நம் நாட்டில் 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் இருக்கிறது. அதற்கென ஒரு திணைக்களமும் இருக்கிறது. நான் கேட்பது பெரிதன்று. கொழுந்துத் தராசின் முகம் கொழுந்தெடுப்பவளைப் பார்த்துத் திரும்ப வேண்டும். சாக்கின் எடையை ஊகிக்காமல் சாக்கையே நிறுத்துக் கழிக்க வேண்டும். ஈரத்துக்குக் கழிவென்றால் எந்த மழைக்கு எவ்வளவு என்று பிரட்டுக்களத்துப் பலகையிலே எழுதித் தொங்கவிட வேண்டும். பத்துக் கிலோப் படிக்கல்லொன்று தராசடியில் எப்போதும் கிடக்க வேண்டும். ஐயமுள்ள எந்தப் பெண்ணும் அதைத் தூக்கி வைத்துப் பார்க்கலாம். மலைநாட்டு ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அளவைப் பாடத்தை நடத்தும்போது ஒருநாள் பிள்ளைகளிடம் மின்தராசையும் ஒரு கோப்பைத் தண்ணீரையும் கொடுங்கள். தராசின் முள்ளைப் படிக்கத் தெரிந்த பிள்ளை அன்று அந்த மலையில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

மாணவன் கொழும்பிலிருந்து ஒடுங்கிய ஜிகர் இரண்டை வரவழைத்தான். ஒன்று சரியாக 30 காட்டியது, மற்றொன்று 28. இரண்டாவதைத் திருப்பி அனுப்பிவிட்டான். அந்த உற்சாகத்திலே, "அப்பாவோடதையும் பாப்போமே, சேர்," என்றான். அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்தேன். விளிம்புவரை ஊற்றினான். தராசு 22 காட்டியது.

திருப்பிப் பார்த்தோம். அடிப்பக்கத்திலே ஒரு நசுங்கல், கட்டைவிரல் அளவு. 22 என்றால் போத்தலுக்கு 34 கிண்ணம் வரும். புத்தகத்திலே கோடு 32தான். அப்பா இறந்து பல ஆண்டுகளாயின. அந்த நசுங்கல் கிளப்பை விட்டு வந்த பிறகு விழுந்தது என்று நான் மாணவனிடம் சொன்னேன். அவன் தலையாட்டிக்கொண்டே கிண்ணத்தைத் துடைத்துத் துணியில் சுற்றினான்.