வலைக்கு வெளியே வல்லூறு

முதலில் அணில் கத்தும். வேப்பங்கிளையில் ஒட்டிக்கொண்டு, வாலை உதறி உதறி, விடாமல் கத்தும். மைனாக்கள் சேர்ந்துகொள்ளும். அடுத்த நொடி தெருவே அடங்கிப்போகும். மொட்டை மாடியில் ஃபிஞ்ச் வளர்ப்பவர்களுக்கு அந்த அமைதியின் பொருள் தெரியும். படியேறி மேலே போவதற்குள் காரியம் முடிந்திருக்கும். கூண்டின் கதவு பூட்டியபடியே இருக்கும். கம்பி வலையில் ஓட்டை எதுவும் இருக்காது. ஆனால் தரையில் ஒரு சிட்டு தலையில்லாமல் கிடக்கும். இன்னொன்று காயமே இல்லாமல் செத்திருக்கும்.

வந்தது வல்லூறு. வட இந்தியாவில் அதற்கு ஷிக்ரா என்று பெயர். புறா அளவுதான் இருக்கும். நகரங்களில் மரம் நிறைந்த தெருக்கள் எங்கும் உண்டு. ஓணான், எலி, அணில், தும்பி, சிறு பறவை எது கிடைத்தாலும் அதற்குச் சம்மதம். கூண்டுக்குள் அதனால் நுழைய முடியாது. நுழைய வேண்டிய தேவையும் இல்லை. அது வந்து வலையில் மோதினாலே போதும். உள்ளே இருக்கும் பன்னிரண்டு கிராம் பறவைகள் பீதியில் நாலாபுறமும் சிதறிப் பறந்து, எதிரே இருக்கும் வலையைப் பற்றிக்கொண்டு தொங்கும். தலை ஒரு கண்ணி வழியே வெளியே வரும். கால் இன்னொரு கண்ணியில் மாட்டும். வல்லூறுக்கு நீண்ட கால்கள், ஊசி போன்ற நகங்கள். வெளியே வந்த பாகத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். காயமில்லாமல் கிடப்பது, பறந்த வேகத்தில் கம்பியில் மோதிக் கழுத்து ஒடிந்தது.

கூண்டை வாங்கும்போது இதை யாரும் யோசிப்பதில்லை. பறவை வெளியே போய்விடக் கூடாது என்பதுதான் கவலை. வெளியில் இருப்பது உள்ளே கை நீட்டும் என்ற எண்ணம் முதல் சாவுக்குப் பிறகுதான் வருகிறது.

கொல்கத்தாவின் காலிஃப் தெரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை போன்ற இடங்களில் ஜோடியாக விற்கப்படும் இந்த ஃபிஞ்ச்கள் எல்லாம் அயல்நாட்டு வம்சம். வரிக் கழுத்தும் ஆரஞ்சு அலகும் கொண்ட ஜீப்ரா ஃபிஞ்ச், ஏழு வண்ணத்தையும் பூசிக்கொண்ட கோல்டியன் ஃபிஞ்ச் இரண்டுக்கும் பூர்வீகம் ஆஸ்திரேலியா. ஜாவா சிட்டின் பெயரே அதன் ஊரைச் சொல்லிவிடும். பெங்காலி ஃபிஞ்சின் கதை இன்னும் சுவையானது. அப்படி ஒரு பறவை எந்தக் காட்டிலும் இல்லை. நம் நாட்டிலும் கிழக்காசியாவிலும் காணப்படும் வெண்முதுகுச் சில்லையை ஜப்பானியர் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கூண்டில் வளர்த்து உருவாக்கிய வகை அது. பெயரில் மட்டும் வங்காளம் இருக்கிறது.

நம் சொந்தச் சில்லைகளுக்கும் ஒரு காலத்தில் இதே கதிதான். சிவப்புச் சில்லையை ஆங்கிலத்தில் 'அவடவாட்' என்பார்கள். அது அகமதாபாத் என்ற ஊர்ப்பெயரின் திரிபு. கப்பலேற்றுவதற்காக அந்தப் பறவைகள் அங்கே குவிந்த காலத்தின் எச்சம் அந்தச் சொல். 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 1990-91-ல் உள்நாட்டுப் பறவை வணிகம் முழுமைக்கும் வந்த தடையும் அந்த வியாபாரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக்கின. சாயம் பூசிய சில்லைகள் சந்தையின் பின்வாசலில் கிடைக்கவே செய்கின்றன என்பது வேறு விஷயம். சட்டத்துக்கு உட்பட்டுப் பறவை வளர்க்க விரும்பியவர்கள், கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்த அயல்நாட்டு ஃபிஞ்ச்களின் பக்கம் திரும்பினார்கள். அவற்றிலும் ஜாவா சிட்டு, சைட்டிஸ் எனப்படும் சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் 1997 முதல் இருக்கிறது. அத்தகைய இனங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதிகள் வந்துள்ளன.

கூண்டில் பிறந்தாலும் அச்சம் கூடவே பிறக்கிறது. ஒரு நிழல் மேலே கடந்தால் ஜீப்ரா ஃபிஞ்ச்கள் சிலையாகிவிடுகின்றன. வல்லூறைப் போலவே நிறமும் பறக்கும் பாணியும் கொண்ட அக்காக்குயில் வந்து உட்கார்ந்தால்கூட நடுங்குகின்றன. வெளியில் இருக்கும் சிட்டும் இப்படித்தான் நடுங்கும். ஆனால் அதற்குப் போக வழி இருக்கிறது. புதருக்குள் பாயலாம், திசை மாறலாம், கூட்டத்தோடு கலந்து மறையலாம். கூண்டுப் பறவைக்கு அச்சம் மட்டும் மிச்சம்; தப்பும் வழியை மனிதன் எடுத்துக்கொண்டுவிட்டான்.

எதிரி வல்லூறு மட்டும் அல்ல. பகலில் காக்கை வரும். அது வல்லூறைப் போல மோதாது. பொறுமையாக உட்கார்ந்து, வலையோரம் கூடு கட்டியிருக்கும் ஜோடியை நோட்டம் பார்க்கும். அலகுக்கு எட்டும் தூரத்தில் குஞ்சு இருந்தால் போயிற்று. செம்போத்து முட்டைக்கும் குஞ்சுக்கும் பேர்போன திருடன். கீச்சானும் சிறு பறவைகளை விடுவதில்லை. பிடித்ததை முள்ளில் குத்தி வைத்துத் தின்னும் வழக்கம் அதற்கு உண்டு. இரவானால் ஆந்தை. கூகை கூண்டின் மேல் வந்து இறங்கும் சத்தத்தில் உள்ளே இருப்பவை இருட்டில் கண்மூடித்தனமாகப் பறந்து மோதுகின்றன. அடைகாக்கும் தாய் கூட்டை விட்டு எழுந்தால், இருட்டில் திரும்பி வரத் தெரியாமல் விடியும்வரை தரையில் கிடக்கும். முட்டைகள் குளிர்ந்துவிடும்.

முதல் சாவு நடந்த அன்று, வளர்ப்பவரின் கை கவணைத் தேடுகிறது. பொறி வைக்கலாம், பசை தடவலாம் என்று யோசனை சொல்லவும் அக்கம்பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். இது சட்டப்படி பெருங்குற்றம். வல்லூறும் ஆந்தையும் பாதுகாக்கப்பட்ட பறவைகள். பிடித்தாலும் கொன்றாலும் சிறைத் தண்டனை உண்டு. சட்டத்தை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தாலும் அதில் லாபமில்லை. ஒரு வல்லூறு போனால் அந்த இடம் காலியாக இருக்காது. வேட்டைக்கு இடம் தேடும் இன்னொரு இளம் பறவை வந்து உட்காரும். அதற்கு முதலில் கண்ணில் படுவது அதே கூண்டுதான்.

ஆக, மாற வேண்டியது கூண்டு. அனுபவசாலிகள் செய்வது புதிதான வித்தை ஒன்றும் இல்லை. ஒரு வலைக்குப் பதில் இரண்டு வலை. இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று அங்குல இடைவெளி. உள்வலையில் தொங்கும் பறவைக்கும் வெளிவலையில் மோதும் நகத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த வெற்றிடம்தான் உயிர். அறுகோணக் கண்ணி உள்ள கோழி வலை இதற்கு ஆகாது. அது நெகிழும், துருப்பிடிக்கும். பற்றவைத்த கம்பி வலை வேண்டும். கண்ணி அரை அங்குலம் இருந்தால் பறவைகள் நுழையாது. சுண்டெலியும் குட்டிப் பாம்பும் நுழையாமல் இருக்கக் கால் அங்குலம் தேவை. புதுக் கம்பியில் துத்தநாகப் பூச்சு திட்டுத் திட்டாக இருக்கும். அதைக் கொத்தினால் பறவைக்கு நஞ்சு. வினிகர் ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் பறவைகளை விட வேண்டும்.

கூரை முழுவதும் தகரமோ ஓடோ போட்டு மூடிவிட்டால் மேலிருந்து வரும் பயம் பாதி தீரும். பின்புறமும் இரு பக்கங்களும் அடைத்து, ஒரு முகம் மட்டும் திறந்திருப்பது நல்லது. எல்லாப் பக்கமும் வெளிச்சமாக இருக்கும் கூண்டு மனிதர் கண்ணுக்கு அழகு. பறவைக்கு அது ஒளிய இடமில்லாத மைதானம். உட்காரும் குச்சிகளையும் கூடுகளையும் வலையோரம் கட்டக் கூடாது. நடுவிலோ பின்சுவரோரமோ உயரத்தில் வைக்க வேண்டும். உள்ளே ஒரு மூலையில் அடர்த்தியாகத் தழை கட்டி வைத்தால், பீதி வரும்போது பறவை வலையை நோக்கிப் போகாமல் அதற்குள் பாயும். வெளியே ஒரு கொடி படர்ந்தால் வேட்டைப் பறவைக்குப் பார்வை மறையும். இரவில் மங்கலான ஒரு சின்ன விளக்கு இருந்தால், திடுக்கிட்டு எழுந்த தாய்க்குக் கூடு தெரியும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. கூண்டைச் சுற்றிச் சிந்தும் தினைதான் முதல் அழைப்பிதழ். தினைக்குப் புறா வரும், சிட்டுக்குருவி வரும், எலி வரும். அவற்றைத் தேடித்தான் வல்லூறும் ஆந்தையும் வருகின்றன. வந்த இடத்தில் கூண்டைப் பார்த்துவிடுகின்றன. தினமும் பெருக்கித் தள்ளுவது இரண்டாவது வலைக்குச் சமம்.

இந்த வேலைக்கும் செலவுக்கும் அலுத்துப்போய், கதவைத் திறந்துவிட்டால் பிழைத்துப் போகட்டும் என்று நினைப்பவர்களும் உண்டு. கருணை போலத் தோன்றும் இது கொலைக்குச் சமம். கிண்ணத்தில் தினை தின்றே வளர்ந்த பறவைக்கு வெளியே இரை தேடத் தெரியாது. பல நேரம் பொழுது சாய்வதற்குள் காக்கைக்கு இரையாகிவிடும்.

இரையின் பக்கம் நிற்பது மனித இயல்பு. பழைய டில்லியின் சாந்தினி சௌக்கில் சமணர்கள் நடத்தும் தர்மப் பறவை மருத்துவமனையில், தானியம் தின்னும் பறவைகளுக்கே உள்ளே தங்க இடம்; ஊன் தின்பவற்றுக்கு வெளிநோயாளியாகச் சிகிச்சை தருவது நெடுநாள் வழக்கம். அதே டில்லியில் முகமது சவுத், நதீம் ஷெஜாத் என்ற சகோதரர்கள் இளவயதில் காயம்பட்ட ஒரு பருந்தைத் தூக்கிக்கொண்டு போனபோது, மாமிசம் தின்னும் பறவை என்று மருத்துவமனை ஒன்று திருப்பி அனுப்பியது. பிறகு இருவரும் தாங்களே பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். வஜீராபாத்தில் மாஞ்சாக் கயிறு அறுத்த சிறகுகளைத் தைக்கும் அவர்களைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த 'ஆல் தட் பிரீத்ஸ்' என்ற ஆவணப்படம் 2022-ல் கான் விழாவில் பரிசு பெற்றது. 2023-ல் ஆஸ்கர் போட்டிப் பட்டியலுக்கும் போனது.

மொட்டை மாடிக் கூண்டு கேட்கும் கேள்வியும் அதுதான். வல்லூறு தன் ஊரில், தன் வானத்தில், தனக்குத் தெரிந்த தொழிலைச் செய்கிறது. ஃபிஞ்ச் தானாக அங்கே வரவில்லை. இரண்டில் யாரும் குற்றவாளி இல்லை என்றால், பொறுப்பு நடுவில் இருப்பவருடையது. அதாவது, கூண்டின் சாவியை வைத்திருப்பவருடையது.

நன்றாகக் கட்டிய கூண்டுக்கு எதிரே தண்ணீர்த் தொட்டியின் மேல் வல்லூறு உட்கார்ந்து பார்க்கும். உள்ளே எல்லாம் தழைக்குள் ஒடுங்கியிருக்கும். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அது எழுந்து போகும். பக்கத்து மதிலில் ஓணான் ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருக்கும். ஓணானுக்குக் கூண்டு இல்லை; ஆனால் ஓட மதிலில் பொந்து இருக்கிறது.