யாருடைய இயல்பு இந்த ‘இயல்புநிலை’?

கடைப் பெயர்ப்பலகைகளில் 60 விழுக்காடு கன்னடம் இடம்பெற வேண்டும் என்னும் சட்டத் திருத்தம் 2024 பிப்ரவரியில் கர்நாடகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதற்குச் சில வாரங்கள் முன்பு பெங்களூருவின் தெருக்களில் நடந்த போராட்டங்களை நாடே பார்த்தது. இதே நகரின் ஆய்வுக்கூடங்களில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் தரவுகளாகச் சேர்க்கப்படும் கணினிகளிலும் ஒரு பெயர்ப்பலகை உண்டு. அதில் இம்மொழிகளின் எழுத்துகளுக்கு இடமே இல்லை. அதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கணினி மொழியியல் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. லினக்ஸ் கருநிரலைப் பேணுவதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கியது அது. இன்று நிரல்கள் மட்டுமின்றி அகராதிகள், களப்பணிப் பதிவுகளின் எழுத்துப்படிகள், ஆய்வேடுகள் எனப் பலவும் அதில் பேணப்படுகின்றன. பிராகா நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் உருவான, 600 வாக்கியங்களுக்குத் தொடரமைப்புக் குறிக்கப்பட்ட தமிழ்த் தரவகமும் இன்று கிட் களஞ்சியமாகவே கிடைக்கிறது.

அந்தக் கருவியில் ‘தமிழ்’ என்று பெயரிட்ட ஒரு கோப்பைச் சேர்த்து, நிலையறியும் கட்டளையை இட்டுப் பார்க்கலாம். திரையில் தமிழ் வராது. ‘த’ என்னும் ஓரெழுத்து மட்டும் \340\256\244 என்று வரும். யுனிகோடில் ‘தமிழ்’ 5 குறியீட்டுப் புள்ளிகளால் ஆனது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு புள்ளிக்கும் 3 பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் ஒரு பின்சாய்கோடும் மூன்று இலக்கங்களுமாக விரிகிறது. ஆக, மூன்றெழுத்துச் சொல் 60 குறிகளாகிவிடுகிறது. கன்னடத்தின் முதல் உயிர்மெய்யான ‘க’வுக்கும் இதே கதிதான்: \340\262\225.

கோப்புக்கு எந்தச் சேதமும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். களஞ்சியத்துக்குள் பெயர் பழுதின்றி இருக்கிறது, காட்டும்போதுதான் சிதைக்கப்படுகிறது. காரணம், ‘கோர்.கோட்பாத்’ என்னும் ஓர் அமைப்பு. அதன் இயல்புநிலை மதிப்பு ‘உண்மை’. ஆஸ்கி எல்லைக்கு வெளியே உள்ள எழுத்துகளை வழக்கத்துக்கு மாறானவை என்று வகைப்படுத்தியே கருவியின் கையேடு இதை விளக்குகிறது. ஈராயிரம் ஆண்டுக் கல்வெட்டுச் சான்றுள்ள ஓர் எழுத்து மரபு, ஒரு கருவியின் கணக்கில் வழக்கத்துக்கு மாறானது!

இதற்கு வரும் முதல் மறுப்பு, “ஒரு வரிக் கட்டளையில் மாற்றிவிடலாமே” என்பது. மாற்றலாம். ஆனால் அந்த ஒரு வரி, அதை இட்டவரின் கணினியோடு நின்றுவிடும். களஞ்சியத்தை நகலெடுப்பவரிடம் அமைப்புகள் போய்ச் சேர்வதில்லை. பிறர் எழுதிய அமைப்புகள் ஒருவரது கணினியில் கட்டளைகளை இயக்கக்கூடும் என்பதால், அந்தத் தடை நியாயமானதும்கூட. விளைவு என்ன? ஒவ்வொரு புது மாணவரும் அந்த வரியைத் தாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தெரிந்த மூத்தவர் பட்டம் பெற்று வெளியேறும்போது அந்த அறிவும் அவரோடு வெளியேறுகிறது. ஆங்கிலத்தில் பெயரிடுபவருக்கு இந்த வரி தேவையே இல்லை. இந்திய மொழியில் பெயரிடுபவருக்கு மட்டும் நுழைவுக் கட்டணம்.

இரண்டாம் மறுப்பு, “கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தில் பெயரிடுவதே நன்னெறி” என்பது. மொழியியல் துறையிலிருந்தே இக்குரல் எழுவதுதான் வியப்பு. வெறும் 26 எழுத்துகளில் எழுதினால் வலி, வளி, வழி என்னும் மூன்று சொற்களையும் எப்படிப் பிரித்துக் காட்டுவது? வட்டார வழக்கைப் பதிவு செய்யும் ஆய்வில் ழகர ளகர வேறுபாடே தரவாக இருக்கும்போது, அதைக் கோப்பின் பெயரில் முதலில் தொலைத்துவிட்டு உள்ளே தேடுவது என்ன முறை? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி கையாண்டதைப் போல, கீழ்ப்புள்ளியும் கீழ்க்கோடும் இட்ட ஒலிபெயர்ப்பு இருக்கிறதே என்பர். அந்தக் குறியிட்ட எழுத்துகளும் ஆஸ்கிக்கு வெளியே உள்ளவைதாம். அவையும் இதே எண்வரிசைகளாகச் சிதறும். கருவி தன் இயல்புநிலையில் ஏற்பது, வேறுபாடுகளை இழந்த எழுத்துமுறையை மட்டுமே.

மூன்றாம் மறுப்பு சற்று வலுவானது: கோப்புப் பெயர்களைப் படிக்கும் தானியங்கி நிரல்கள் குழம்பிவிடும் என்பது. அந்நிரல்களுக்காகவே, பெயரை உள்ளபடி தரும் ‘இசட்’ என்னும் தெரிவு கிட் கட்டளைகள் பலவற்றில் உண்டு. மேற்கோள்குறி, பின்சாய்கோடு, கட்டுப்பாட்டுக் குறிகள் போன்ற மெய்யான இடர்களோ, கோர்.கோட்பாத் எந்த மதிப்பில் இருந்தாலும் மாற்றியே காட்டப்படுகின்றன. எனவே இயல்புநிலையை மாற்றினால் பாதுகாப்புக் குறையும் என்பது வெறும் அச்சம்.

இயல்புநிலைகள் கல்லில் வெட்டியவை என்போர் 2020ஐ நினைவுகூர வேண்டும். முதன்மைக் கிளைக்கு வழங்கிய ‘மாஸ்டர்’ என்னும் பெயர் அடிமைமுறையை நினைவூட்டுவதாக எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு ஜூலையில் வந்த கிட் 2.28, அப்பெயரைப் பயனரே முடிவு செய்ய வழி தந்தது. அக்டோபர் முதல் கிட்ஹப், புதிய களஞ்சியங்களுக்கு ‘மெயின்’ என்றே பெயரிட்டது. கேட்டவர்கள் இருந்தார்கள், மாறியது. நம் எழுத்துகளுக்காக நாம் எவ்வளவு உரக்கக் கேட்டிருக்கிறோம்?

கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவையும் உண்டு. கிட் அமைப்புகள் தனிக் களஞ்சியம், தனிப் பயனர், முழுக் கணினி என்று படிநிலை கொண்டவை. ஆய்வுக்கூடத்தின் பொது வழங்கியில், முழுக் கணினிக்குமான நிலையில் நிர்வாகி ஒருமுறை இந்த மாற்றத்தைச் செய்தால், அதில் பணிபுரியும் எல்லா மாணவருக்கும் அது பொருந்தும். கருவியைக் கற்பிக்கும் முதல் வகுப்பிலேயே, தாய்மொழியில் பெயரிட்ட ஒரு கோப்பைச் சேர்த்துக் காட்ட வேண்டும். அதன்பின் கன்னட, தமிழ், தெலுங்கு ஆய்வாளர்கள் ஒரே விண்ணப்பமாகக் கருவியைப் பேணுவோரிடம் போக வேண்டும். பெயர்ப்பலகை விவகாரத்தில் மொழிகள் எதிரெதிரே நிறுத்தப்படும் இந்நகரில், இந்த ஒரு வழக்கிலாவது எல்லா மொழிகளும் ஒரே தரப்பு.

முதல் நாளில் தன் மொழியில் பெயரிட்ட கோப்பு எண்குவியலாகத் திரும்பி வருவதைக் காணும் மாணவர், பிழை கருவியினுடையது என்று எண்ணமாட்டார். தான்தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணி, பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றுவார். யாரும் தடைவிதிக்காமலேயே ஒரு மொழி ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறுவது இப்படித்தான். அந்த மாணவருக்கு அந்த ஒரு வரியை முதல் நாளிலேயே சொல்லிவிடும் பொறுப்பு, அதை ஏற்கெனவே அறிந்த ஒவ்வொருவருடையதும் ஆகும்.