எந்தக் காட்டு விறகு இது?

கல்முனையில் ஒரு குடும்பம் கடன்பட்டு வீட்டுக் கூரையில் சூரியத் தகடு பொருத்தி மின்சாரம் விற்றால், அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை. மேலே வெயில், கீழே மீற்றர். ஆனாலும் 2025இல் விலை வெட்டு விழுந்தது அந்தக் கூரை மின்சாரத்தின் மேல்தான். மரத்தை எரித்து எடுக்கும் மின்சாரமோ, அந்த மரம் எந்தக் காணியில் நின்றது, வெட்டிய இடத்தில் மறுபடி என்ன முளைத்தது என்று சட்டப்படி நிரூபிக்கும் கட்டாயம் இல்லாமலேயே ‘பசுமை’ வரிசையில் இடம்பிடித்திருக்கிறது. 2030ஆம் ஆண்டுக்குள் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவோம் என்கிறது அரசு. அந்த எழுபதுக்குள் விறகு, உமி போன்ற உயிர்த்திணிவும் சேர்த்தி. அதனால்தான் இந்தக் கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியாது என்கிறேன்.

மின்சாரம் என்றால் மெகாவொட்டில் பேசுகிறார்கள். விறகு என்று வந்தால் அதை லொறியில் எண்ண வேண்டும். 10 மெகாவொட் விறகு மின்நிலையம் ஒன்று ஆண்டுக்கு 7,000 மணித்தியாலம் ஓடினால் 7 கோடி அலகு கிடைக்கும். ஒரு அலகுக்கு ஈரம் வற்றிய விறகு ஏறக்குறைய 1.4 கிலோ என்றாலும் ஆண்டுக்கு 98,000 தொன் வேண்டும். நாளொன்றுக்குச் சராசரி 270 தொன். பத்துத் தொன் லொறியில் 27 சுமை. பெருநாளும் போயாவும் பார்க்காமல், நாள் தவறாமல் 27 சுமை. விறகுக்காக நடும் கிளிரிசீடியாத் தோட்டத்தில் ஹெக்டேயருக்கு ஆண்டுக்கு 25 தொன் கிடைக்கும் என்று தாராளமாகவே கணக்கிட்டாலும் ஏறத்தாழ 4,000 ஹெக்டேயர் தேவை. நமது மாவட்டத்தின் லாகுகல தேசியப் பூங்கா, யானைகள் வந்து நிற்கும் அந்தக் குளங்களையும் சேர்த்து, 1,554 ஹெக்டேயர்தான். ஒரே ஒரு மின்நிலையத்தின் வாய்க்கு இரண்டரை லாகுகல! அத்தனை நிலத்தில் கிளிரிசீடியா நட்டிருக்கிறார்களா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நடவில்லை என்றால் மீதி விறகு வேறெங்கிருந்தோ வருகிறது. வறண்ட வலயத்தில் அந்த ‘வேறெங்கு’ பெரும்பாலும் காடுதான்.

விறகு எரிந்தால் புகைபோக்கியில் வெளியேறும் காபனீரொட்சைட்டு, அலகுக்கு அலகு பார்த்தால், நிலக்கரியை விடக் குறைந்ததல்ல, கூடுதல். வெட்டிய மரம் மீண்டும் வளர்ந்து அந்தக் காபனைத் திரும்ப உறிஞ்சினால்தான் கணக்கு நேராகும். வேலியில் நிற்கும் கிளிரிசீடியாவின் கிளையை வெட்டினால் எட்டு, பத்து மாதத்தில் அதே தடிப்பில் திரும்பி வரும். உமி அடுத்த போகத்தில் வரும். ஒரு முதிரையோ பாலையோ திரும்ப அந்த அளவுக்கு வளர மனிதரின் இரண்டு தலைமுறை போதாது. இந்த மூன்றையும் ‘உயிர்த்திணிவு’ என்ற ஒரே பெயரில் எழுதி, ஒரே பச்சை முத்திரை குத்துவது பொய்க்கணக்கு.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வருகிறது: நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் போகும் டொலர் மிச்சமாகிறது, கிராமத்து விவசாயிக்குக் கையில் காசு கிடைக்கிறது என்று. டொலர் மிச்சமாவது உண்மை. காட்டை வெட்டினாலும் மிச்சமாகும் என்பதால் அது இந்தக் கேள்விக்குப் பதிலே அல்ல. விவசாயிக்குக் காசு என்பவர்கள், எந்த விவசாயி, எத்தனை கிலோ, எந்தக் காணி என்ற பதிவேட்டை மேசையில் வைக்கட்டும். வைத்த பிறகு பேசுவோம்.

இந்த இடத்தில் நமது அரசியல்வாதிகள் எல்லாரும் படிக்க வேண்டிய பாடம் வட அயர்லாந்தில் இருக்கிறது. 2012 நவம்பரில் அங்கே ஒரு திட்டம் தொடங்கினார்கள். எண்ணெய்க்குப் பதிலாக மரத்துண்டு எரிக்கும் கொதிகலன் வைக்கும் வியாபாரிகளுக்கும் பண்ணையாளர்களுக்கும், உண்டாக்கும் ஒவ்வொரு அலகு வெப்பத்துக்கும் இருபது வருடம் மானியம். பிரித்தானியாவின் மற்றப் பகுதிகளில் இதே திட்டத்துக்கு ஒரு படிநிலை இருந்தது; குறித்த அளவுக்கு மேல் எரித்தால் விலை இறங்கிவிடும். வட அயர்லாந்து அந்த ஒரு விதியை விட்டுவிட்டது. எரிபொருளின் விலையை விட மானியம் கூடிப்போனது. எவ்வளவு எரிக்கிறாயோ அவ்வளவு இலாபம். கோழிப் பண்ணைகள் கொதிகலன்களை வரிசையாக வைத்தன. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வெப்பமூட்டுகிறார்கள் என்று ஒரு பெண் தொழில்முனைவர் 2013இலேயே அமைச்சுக்குச் சொன்னார். ஆட்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று அதிகாரிகள் நம்பினார்கள். 2015இல் விலையைக் குறைக்கப் போகிறார்கள் என்ற செய்தி கசிந்ததும், மூன்றே மாதத்தில் ஆயிரத்தை நெருங்கிய விண்ணப்பங்கள் குவிந்தன. 2016 பெப்ரவரியில் திட்டத்தை மூடினார்கள். 2017 ஜனவரியில், திட்டம் தொடங்கிய காலத்தில் அமைச்சராக இருந்து பின் முதலமைச்சரான ஆர்லீன் ஃபொஸ்டர் விலக மறுக்க, துணை முதலமைச்சர் மார்ட்டின் மக்கின்னஸ் பதவி துறந்தார். அரசாங்கமே கவிழ்ந்தது. மூன்று வருடம் ஆட்சி இல்லை. 2020 மார்ச்சில் வந்த கோக்ளின் விசாரணை அறிக்கை, ஊழல் அல்ல, கவனக்குறைவும் திறமைக்குறைவுமே பெரும்பாலும் காரணம் என்றது.

அந்தக் கடைசி வரிதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஆயிரம் கண்கள் கணக்குப் பார்க்கும் ஒரு நாட்டில், யாரும் திருடாமலேயே, ஒரு விதியை எழுத மறந்ததால் ஓர் அரசாங்கம் விழுந்தது. நாம் மறந்திருப்பது ஒரு விதியையா?

இங்கிலாந்தின் பென்னம்பெரிய டிராக்ஸ் மின்நிலையத்தின் கதையும் அதே திசையில்தான் போகிறது. கனடாவிலிருந்து வந்த மரம் எந்த வகை என்ற தரவைச் சரியாகத் தரவில்லை என்று 2024 ஓகஸ்ட்டில் 25 மில்லியன் பவுண் செலுத்த நேர்ந்தது. வேண்டுமென்று செய்ததாக ஆதாரமில்லை என்றே ஒழுங்குபடுத்துநரும் சொன்னார். அதே ஆண்டு ஜனவரியில் அந்நாட்டுக் கணக்காய்வு அலுவலகம், மானியம் பெறும் உயிர்த்திணிவு நிலைபெறுதகு தரத்தை எட்டுகிறது என்பதை அரசாங்கத்தாலேயே நிறுவிக் காட்ட முடியவில்லை என்று எழுதியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதியைத் திருத்தி, நிரூபிக்கும் கடமையை 20 மெகாவொட்டிலிருந்து 7.5 மெகாவொட் நிலையங்கள் வரைக்கும் இறக்கியது. நம்முடையவை சின்ன நிலையங்கள்தானே என்ற சமாதானம் அங்கேயே காலாவதியாகிவிட்டது.

நம்மிடம் அளவுகோலே இல்லை என்றும் சொல்ல முடியாது. கிளிரிசீடியாவைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று 2005இலேயே அறிவித்தவர்கள் நாம். ஐ.நா. அமைப்புகளின் உதவியோடு, நிலைபெறுதகு முறையில் உற்பத்தியான விறகுக்கென்று இலங்கைக் கட்டளைகள் நிறுவகம் எஸ்.எல்.எஸ். 1551 என்ற தரத்தையே வகுத்து வைத்திருக்கிறது. அது விரும்பினால் பின்பற்றலாம் என்ற நிலையில் கிடக்கிறது. மானியப் பணம் விருப்பத்துக்கு உரியதல்ல. அந்தப் பணத்துக்கான நிரூபணம் மட்டும் ஏன் விருப்பத்துக்கு உரியது? ஒதுக்கக் காட்டுக்குள் சுள்ளி பொறுக்கப் போகும் ஏழைப் பெண்ணுக்கு 1907ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டம் இன்றும் விருப்பத்துக்கு உரியதாக இல்லை. அவள் தலைச்சுமைக்குப் பதில் சொல்ல வேண்டும், 27 லொறி சொல்ல வேண்டியதில்லை என்றால் அதற்குப் பெயர் அநீதி.

நமது கரையில் இதற்கு மாற்று மலைபோலக் கிடக்கிறது. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எந்தப் பக்கம் போனாலும் அரிசி மில். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. ஒரு தொன் நெல் குற்றினால் 200 கிலோ உமி. அதில் ஏறக்குறைய நூறு அலகு மின்சாரம் எடுக்கலாம். நெல் அவிக்கும் பொய்லருக்கும், செங்கல் சூளைக்கும், கோழிக்கூட்டுக்கும் போனது போக, பெரும்போக அறுவடை முடிந்ததும் மேடு கட்டிப் புகைவது எவ்வளவு என்பது மில்காரர்களுக்குத் தெரியும், சுற்றியிருக்கும் வீடுகளில் இருமிக்கொண்டிருப்பவர்களுக்கும் தெரியும். உமியில் சிக்கல் இல்லாமல் இல்லை. பாரம் குறைவு, இடம் பெரிது, தூரம் கொண்டுபோனால் கட்டாது. அதன் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. சூடு கூடினால் உருகிக் கொதிகலனுக்குள் கட்டியாகிவிடும். இதெல்லாம் பொறியியலாளர் தீர்க்கும் சிக்கல்கள். உமி எங்கிருந்து வந்தது என்ற சிக்கல் மட்டும் கிடையாது. மில் வாசலில் நெல் நிறுத்த தராசுச் சீட்டே அதற்கு அத்தாட்சி. ஹிங்குரானச் சீனி ஆலையின் கரும்புச் சக்கைக்கும் அதே நியாயம்தான்: கரும்பை நிறுக்காமல் யாரும் ஆலைக்குள் விடுவதில்லை.

அப்படியிருந்தும் 2010களின் விலைப்பட்டியல்களில் விறகு மின்சாரத்துக்குக் கூடுதல் விலை, விவசாயக் கழிவு மின்சாரத்துக்குக் குறைந்த விலை. விறகுக்கு வளர்ப்புச் செலவு, கழிவுக்கு அது இல்லை என்பது காரணம். வளர்த்தால் அல்லவா வளர்ப்புச் செலவு? வளர்த்ததை நிரூபிக்காதவனுக்கு அந்தச் செலவைக் கொடுப்பது, நட்டவனின் கூலியை வெட்டியவனுக்குக் கொடுப்பது.

ஆகவே அளவில் சின்னது பெரியது பார்க்காமல், சான்று இல்லாத விறகு அலகு ஒன்றுக்கும் பொதுப்பணம் கொடுக்கக் கூடாது. சான்றை மின்நிலையம் தானே எழுதிக்கொள்ளக் கூடாது. அதனிடம் சம்பளம் வாங்காத கணக்காய்வாளர் எழுத வேண்டும். லொறிச் சுமைக்குச் சுமை காணியின் பெயரும் எடையும் நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கும்படி ஏற வேண்டும். அதுவரைக்கும் புதிய விறகு மின்நிலையம் ஒன்றுக்கும் அனுமதி வேண்டாம். 70 சதவீத இலக்கு அதனால் தாமதமாகும் என்றால் தாமதமாகட்டும். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் மேசைக்கு அடுத்த விலைப்பட்டியல் வரும்போது உயிர்த்திணிவு என்ற ஒற்றை வரி போதாது. உமி, சக்கை, நட்டு வளர்த்த கிளை, மூலம் தெரியாத மரம் என்று நான்கு வரி இருக்க வேண்டும். நான்காவது வரிக்கு எதிரே பூச்சியம் என்று எழுத வேண்டும்.