பொன் உலரும் முன்னே

பொன்வண்டு என்றதும், தமிழகத்துச் சிறுவர்கள் தீப்பெட்டிக்குள் வைத்து வளர்த்த பச்சை வண்டுதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்போம். ஆனால் நம் மலேசிய மண்ணிலேயே, கங்கோங் கீரையிலும் சர்க்கரைவள்ளிக் கொடியிலும், உண்மையாகவே பொன்னாய் மின்னும் வேறொரு வண்டு வாழ்கிறது. ஆமைவண்டு என்று அதனை அழைக்கலாம். அறிவியலார் அஸ்பிடிமோர்பா என்பர். 35,000க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட இலைவண்டுக் குடும்பத்தில் அதுவும் ஒன்று. சங்கப் புலவர்கள் பாடிய அடும்பும் கங்கோங்கிற்கு நெருங்கிய உறவுக்கொடிதான்.

விரல் நகம் அளவே இருக்கும் இவ்வண்டின் உடலைச் சுற்றிக் கண்ணாடி போன்ற விளிம்பு உண்டு. ஆபத்து வந்தால் கால்களை உள்ளிழுத்து இலையோடு ஒட்டிக்கொள்ளும். இதன் புழுவோ இன்னும் கெட்டி! கழற்றிய தோலையும் எச்சத்தையும் வால்முள்ளில் சுமந்து, எறும்பு நெருங்கினால் கேடயமாகத் தூக்கிக் காட்டும்.

எல்லாவற்றிலும் வியப்பு அந்தப் பொன்னிறம். அது சாயமன்று. மேலோட்டின் மெல்லிய அடுக்குகளில் ஈரம் தங்கியிருக்க, ஒளி பட்டுத் தெறிப்பதால் உண்டாவது. வண்டு இறந்து உலர்ந்தால் பொன் மறைந்து பழுப்பே மிஞ்சும். ஊசி குத்திப் பெட்டியில் வைத்தால் வண்டு கிடைக்கும், பொன் கிடைக்காது.

இதையெல்லாம் தமிழில் எழுதுங்கள் என்றால், அறிவியல் பயிலும் நண்பர்கள் பலர் "கலைச்சொல் இல்லையே" என்கிறார்கள். ஆய்வேட்டுக்குக் கலைச்சொல் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் மேலே உள்ளதைச் சொல்ல எனக்கு எத்தனை கலைச்சொற்கள் தேவைப்பட்டன? இலை, புழு, தோல், வால், ஈரம், ஒளி. எல்லாம் பாட்டியும் அறிந்த சொற்கள்! குறை மொழியில் இல்லை. கண்டதைத் தமிழில் நினைக்கும் பழக்கம் நம்மைவிட்டுப் போனதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. கவிதைக்கும் பட்டிமன்றத்துக்கும் மட்டுமே தமிழ் என்று ஒதுக்கி வைத்தால், அதுவும் பெட்டிக்குள் உலர்ந்த வண்டாகிவிடாதா?

நாம் அனைவரும் பூச்சியியல் அறிஞராக வேண்டியதில்லை. விடுதிக்குப் பின்னால் படர்ந்த கொடியின் இலையில் துளைகள் தெரிந்தால், கொஞ்சம் குனிந்து பாருங்கள். கண்டதை நான்கு வரி தமிழில் எழுதி அடுத்த ஆண்டிதழுக்கு அனுப்புங்கள். அந்த நான்கு வரி போதும், தொடங்குவதற்கு.